நெல்லைக் காணும் கண், பவளத்தைத் தேடும் கண்

காவிரி டெல்டாவில் ஒரு வயல் எந்த வாரம் நடவு கண்டது, எப்போது தூர் கட்டியது, எப்போது கதிர் பழுத்தது என்பதையெல்லாம் 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோளின் படங்களை வைத்தே இன்று சொல்லிவிடலாம். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 அது. வடக்கிலிருந்து தெற்காக விரைகிற அந்தக் கோள், தஞ்சாவூரைத் தாண்டிய அரை நிமிடத்துக்குள் பாக் விரிகுடாவின் தென்கரையை எட்டிவிடும். அதே கருவி, அதே வெயில், அதே நேரம். ஆனாலும் ஒரத்தநாட்டு வயலைப் பற்றி இவ்வளவு பேசுகிற படம், மண்டபம் கரையோரப் பவளப்பாறையைப் பற்றிக் கேட்டால் தடுமாறுகிறது. பவளம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்ற முதல் கேள்விக்கே அதனிடம் உறுதியான பதில் இல்லை. குறை கோளில் இல்லை. இடையிலுள்ள நீரில் இருக்கிறது. நெல்லைப் பொறுத்தவரை செயற்கைக்கோள் பயிரின் உயிர்நிலையையே அளக்கிறது. பவளத்தைப் பொறுத்தவரை, அதற்கு வருகிற ஆபத்தைத்தான் நம்பத்தக்க விதத்தில் அளக்க முடியும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் விண்வெளிப் படங்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தெளிவாகும்.

முதலில் நெல்லைப் பார்ப்போம். சென்டினல்-2 படத்தில் ஒரு படப்புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர் நிலம். அதாவது 100 சதுர மீட்டர். சேறு கலக்கி, நீர் நிறுத்தி, நாற்று நட்ட வாரத்தில் அந்தப் புள்ளி ஏறக்குறைய ஒரு குட்டையைப் போலவே பதிவாகும். நாற்றின் பச்சை அதில் எடுபடாது. இரண்டு மூன்று வாரம் கழிந்து தூர் வெடித்துப் பரவியதும் கதை மாறுகிறது. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. இலையின் உள்கட்டமைப்போ நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வாரித் திருப்பி அனுப்புகிறது. சிவப்பு குறைந்து அகச்சிவப்பு கூடினால் அங்கே உயிருள்ள இலை இருக்கிறது என்று பொருள். பயிர் செழிக்கச் செழிக்க இடைவெளி பெருகும். கதிர் முற்றி இலை பழுக்கும்போது சுருங்கும். தாவரத்தை விண்ணிலிருந்து அடையாளம் காணும் கலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் காலத்திலிருந்தே அப்படித்தான்.

டெல்டாவுக்கு இது மட்டும் போதாது. சம்பாவும் தாளடியும் வளர்கிற ஐப்பசி, கார்த்திகையில் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். வெயிலை நம்பிய கேமராவுக்கு மேகம்தான் தெரியும். அந்தக் குறையை ரேடார் தீர்த்தது. சென்டினல்-1 கோளும் இந்தியாவின் இ.ஓ.எஸ்-04 கோளும் (அதற்கு முன் ரிசாட்-1) சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் அலைநீளமுள்ள வானலைகளைத் தாங்களே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன. மேகம் அவற்றுக்குத் தடையில்லை. நடவுக்குத் தயாராக நீர் நிறுத்திய வயல் கண்ணாடி மாதிரி அலையை அப்பால் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். தண்டுகள் எழுந்து நிற்கத் தொடங்கியதும் அலை நீரிலும் தண்டிலுமாக மோதித் திரும்பும். புள்ளி வாரத்துக்கு வாரம் வெளுக்கும். கறுத்துப் பின் வெளுக்கும் இந்த வரிசை நெல்லுக்கே உரியது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இந்த முறையில் தமிழகத்தின் நெல் பரப்பைக் கணக்கிட்டது. வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோன 2016ஆம் ஆண்டில், விதைக்க முடியாமல் போன நிலங்களை அடையாளம் கண்டு காப்பீட்டு இழப்பீட்டை முடிவுசெய்யவும் ரேடார் படங்கள் உதவின.

இந்த இரண்டு ஆயுதங்களும் கடற்கரையோடு மழுங்கிவிடுகின்றன. ஐந்தரை சென்டிமீட்டர் ரேடார் அலை உப்புநீருக்குள் சில மில்லிமீட்டர்கூடத் தாக்குப்பிடிக்காது. கடலின் மேற்பரப்பு எவ்வளவு அலைபாய்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். அண்மை அகச்சிவப்பின் நிலையும் ஏறத்தாழ அதுதான்: தூய நீரிலேயே அரை மீட்டர் ஆழம் போய்த் திரும்புவதற்குள் 100இல் 1 பங்குதான் மிஞ்சும். சிவப்பு சற்றுத் தேவலாம். ஆனால் 3 மீட்டர் ஆழத்துப் பாறையைத் தொட்டுத் திரும்பும்போது எட்டில் ஒரு பங்காகிவிடும். மேட்டூரில் திறந்த தண்ணீர் மதகுக்கு மதகு குறைந்துகொண்டே கடைமடைக்கு வருவதுபோல, கடலுக்குள் நுழைகிற ஒளியிலும் ஒவ்வொரு மீட்டர் நீரும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பவளம் வாழ்வது அந்தக் கடைமடையில். அங்கே போய்த் திரும்பி வர முடிகிற ஒளி நீலமும் பச்சையும்தான். ஆக, உயிருள்ள இலையை உயிரற்ற மண்ணிலிருந்து பிரித்துக் காட்டிய அந்த அகச்சிவப்பு, நீருக்கடியில் நம் கையில் இல்லவே இல்லை.

மிஞ்சிய நீலத்தையும் பச்சையையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கடலுக்கு மேலே நிற்கிற கோளின் கருவிக்கு வந்துசேரும் ஒளியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு கடலிலிருந்து வருவதே கிடையாது. காற்றும் தூசியும் சிதறடித்த ஒளி அது. அதை முதலில் கழிக்க வேண்டும். அலையின் சரிவுகளில் வெயில் பட்டுத் தெறிக்கும் மினுமினுப்பை அடுத்துக் கழிக்க வேண்டும். இங்கே அகச்சிவப்பு வேறு விதத்தில் கைகொடுக்கிறது: நீருக்குள் இறங்காத ஒளி என்பதால், கடல்மேல் அது தெரிகிற இடமெல்லாம் மேற்பரப்பின் பளபளப்பு என்று கொள்ளலாம். பிறகு ஆழம். 2 மீட்டரில் கிடக்கும் கரும்பாறையும் 6 மீட்டரில் கிடக்கும் வெண்மணலும் ஒரே நிறத்தில் பதிவாகக்கூடும். இந்தச் சிக்கலுக்கு 1978இல் டேவிட் லைசெங்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். இரண்டு நிறங்கள் ஆழத்தோடு வெவ்வேறு வேகத்தில் மங்குகின்றன. அந்த வேகங்களின் விகிதத்தைப் பயன்படுத்தினால் ஆழத்தின் பங்கை நீக்கிவிட்டு அடித்தளத்தின் தன்மையை மட்டும் பிரித்தெடுக்கலாம். கடலடி வரைபடங்கள் பலவற்றில் இன்றும் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: படம் முழுவதும் நீரின் தெளிவு ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையை நம் கடல் எப்படி நடத்துகிறது என்று பார்க்க, டெல்டாவின் கரையிலிருந்தே தொடங்கலாம். கல்லணைக் கால்வாய் பாயும் பட்டுக்கோட்டை, பேராவூரணி வயல்கள் முடிகிற இடத்தில் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று பாக் விரிகுடாவின் கரை வளைந்து செல்கிறது. பத்து மீட்டரைச் சுற்றியே ஆழமுள்ள, அமைதியான, சேறும் மணலும் படிந்த கடல். இங்கே பவளப்பாறை கிடையாது. இளம் பவளம் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தளம் வேண்டும்; அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும்; மேலே வந்து படியும் வண்டல் குறைவாக இருக்க வேண்டும். ஆற்று வண்டலை வாங்கும் கரையில் இவை மூன்றும் கிடைக்காது. அந்த வண்டலில் கடற்புல் செழிக்கிறது. அதை மேய ஆவுளியா என்ற கடற்பசு வருகிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை நாட்டின் முதல் ஆவுளியா பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்ததற்கு இதுவே காரணம். இந்தக் கரையிலுள்ள மனோராவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 110 கிலோமீட்டர் தெற்கே, மண்டபத்தை ஒட்டித்தான் பாக் விரிகுடாவின் பவளப்பாறை தொடங்குகிறது. கரைக்கு இணையாகப் பாம்பன் வரையிலும், அதைத் தாண்டி ராமேசுவரம் தீவின் வடகரையிலும் நீள்கிற அந்தப் பாறையின் அகலம் 300 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆழமும் 3 மீட்டர் அளவுதான்.

ஆழம் குறைவு என்பது நல்ல செய்திதானே என்று தோன்றலாம். தெளிந்த நீராக இருந்தால் அப்படித்தான். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் வங்கக் கடலின் நீரோட்டம் கரையோர வண்டலைத் தள்ளிக்கொண்டு பாக் விரிகுடாவுக்குள் இறங்குகிறது. ஆழமில்லாத கடலின் அடிச்சேறும் அலையால் கிளறப்படுகிறது. இலைதழை மட்கிக் கரைந்த பழுப்பு நிறம் நீலத்தை விழுங்குகிறது. நடுக்கடலில் மிக ஆழமாக இறங்கும் நீலம், இத்தகைய கரையோர நீரில் பச்சையைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இந்தியக் கோள்களின் கதையில் இது எதிர்பாராத ஒரு சமாதானம். 1988இல் ஏவிய ஐ.ஆர்.எஸ்-1ஏ கோளின் கேமராவுக்கு நீலப் பட்டை இருந்தது. வேளாண்மையையும் காட்டையும் முதன்மையாகக் கொண்டு பின்னர் வந்த லிஸ்-3, லிஸ்-4 கேமராக்களில் அது இல்லை. ஆனாலும் அகமதாபாத்திலுள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அந்தப் படங்களைக் கொண்டே, நீர் வற்றும் நேரத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, இந்தியப் பவளத் திட்டுகளின் வரைபடங்களைத் தயாரித்தது. பாறையின் எல்லை எது, மணல் எது, சேறு மூடிய பகுதி எது என்பதை அவை காட்டின. எல்லை வரைவது செயற்கைக்கோளால் ஆகிற காரியம். உயிர்நிலை சொல்வதுதான் ஆகாத காரியம்.

ஏன் ஆகாது என்பதற்குக் கடைசிக் காரணம் பவளத்துக்குள்ளேயே இருக்கிறது. உயிருள்ள பவளத்தின் பழுப்பு நிறம் அதன் தசையிலுள்ள நுண்பாசியின் நிறம். அதில் பச்சையம் உண்டு. பக்கத்தில் வளரும் கடற்பாசியிலும் பச்சையம் உண்டு, கடற்புல்லிலும் உண்டு, செத்த பவளத்தின் மேல் படரும் பாசிப் படலத்திலும் உண்டு. கடல் சூடேறும்போது பவளம் தன் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. மண்டபத்துக்கு வடக்கே ஒரு 100 சதுர மீட்டர் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பங்குனியில் அது மங்கலான பழுப்பு. வைகாசியில் வெளுப்பு வந்தால் சற்றே பிரகாசிக்கும். ஆடி பிறப்பதற்குள் மறுபடி பழுப்பாகும். பவளம் நுண்பாசியைத் திரும்பப் பெற்றுப் பிழைத்துவிட்டதா, அல்லது செத்த எலும்புக்கூட்டின் மேல் பாசி படர்ந்துவிட்டதா? மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உலகம் முழுவதையும் சுமார் 4 மீட்டர் நுணுக்கத்தில் வரைந்து 2021இல் நிறைவடைந்த ஆலன் பவள வரைபடமும் இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது: அதன் வகைப்பாட்டில் பவளமும் பாசியும் ஒரே வகை. பிரிக்க முடியாததைப் பிரித்ததாக அது பாசாங்கு செய்யவில்லை.

அப்படியானால் செயற்கைக்கோளின் பயன் எங்கே? வெப்பத்தில். கடலின் மேற்பரப்பு வெளியிடும் வெப்பக் கதிரை அளந்தால் நீரின் சூடு தெரியும். அதற்குப் பவளத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 1981லிருந்து இந்த அளவு தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. ஓர் இடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் நெடுங்காலச் சராசரியை எடுத்து, அதைவிட 1 டிகிரி கூடினால் பவளம் திணறத் தொடங்கும் என்று கொள்கிறார்கள். எவ்வளவு கூடியது, எத்தனை வாரம் நீடித்தது என்று இரண்டையும் பெருக்கி, கடைசி 12 வாரத்துக்குக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கூட்டுத்தொகை 4 டிகிரி-வாரத்தை எட்டினால் வெளுப்பை எதிர்பார்க்கலாம். 8ஐத் தாண்டினால் பரவலான சாவு. அமெரிக்காவின் நோவா நிறுவனம் உலகம் முழுவதற்கும் 5 கிலோமீட்டர் நுணுக்கத்தில் இதை நாள்தோறும் வெளியிடுகிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2011லிருந்து மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான், கட்ச் வளைகுடாப் பகுதிகளுக்கு வெளுப்பு எச்சரிக்கை தருகிறது. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெருவெளுப்பு அறிவிக்கப்பட்டதற்கு அடிப்படையும் இந்த வெப்பக் கணக்குதான். அதை உறுதிசெய்தவை வெவ்வேறு கடல்களிலிருந்து வந்த களத் தகவல்கள்.

வெப்பக் கணக்கும் களமும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2016 நல்ல சான்று. அந்தக் கோடையில் மன்னார் வளைகுடா சூடேறியது விண்ணிலிருந்து தெரிந்தது. எவ்வளவு போனது என்பதைச் சொன்னவர்கள் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்குளிப்போர். அடித்தளத்தில் 20 மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழே கிடப்பது உயிர்ப் பவளமா, செத்த பவளமா, மணலா, பாசியா என்று சென்டிமீட்டர் கணக்கில் குறித்துக்கொண்டே நீந்துவது அவர்கள் முறை. உயிர்ப் பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதத்துக்கு இறங்கியது என்பது அப்படிக் கிடைத்த கணக்கு. எந்தக் கோளின் படமும் இந்த இரண்டு எண்களைத் தந்திருக்காது. இந்த எண்கள் தனியாக நின்றிருந்தால், சாவுக்குக் காரணம் சூடா, வலையா, வண்டலா என்ற வாதமும் தீர்ந்திருக்காது.

இந்த முடிவுக்கு முதல் மறுப்பு தொழில்நுட்பத்தை நம்புகிறவர்களிடமிருந்து வரும்: இன்று முடியாதது நாளைய கேமராவால் முடியாதா? ஓரளவு முடியும். 2018இல் ஏவிய இந்தியாவின் ஹைசிஸ் கோளும் அதற்குப் பின் வந்த இத்தாலிய, ஜெர்மானியக் கோள்களும் நிறத்தைப் பல பத்துக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கின்றன. அதே ஆண்டில் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 பச்சை லேசரால் தெளிந்த நீரில் கடலடியின் ஆழத்தையே அளக்கிறது. ஆனால் மெல்லிய பட்டைகளால் பார்க்கும்போது ஒவ்வொரு பட்டைக்கும் கிடைக்கும் ஒளியும் மெலிகிறது. அதை ஈடுகட்டப் படப்புள்ளியை 30 மீட்டராகப் பெருக்க வேண்டியிருக்கிறது. 30 மீட்டர் புள்ளியில் பவளமும் மணலும் பாசியும் கலந்தே கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலங்கல் நீர் விழுங்கிவிட்ட ஒளியை எந்தக் கேமராவாலும் மீட்க முடியாது. தடை கண்ணாடியிலோ கருவியிலோ இருந்தால் காசு செலவழித்துத் தீர்க்கலாம்; இங்கே தடை நீரின் இயற்பியல்.

இரண்டாவது மறுப்பு கனமானது. வெப்பக் கணக்கும் குறைபட்டதுதானே? கோள் அளப்பது கடலின் மேல்தோலை மட்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. 5 கிலோமீட்டர் சதுரத்துக்குள் 300 மீட்டர் அகலப் பாறை ஒரு சிறு மூலை. பகல் சூட்டின் ஏமாற்றைத் தவிர்க்க இரவு அளவுகளையே அடிப்படையாகக் கொள்வது ஒரு திருத்தம். ஆழமில்லாத கடலில் மேலும் கீழும் கலந்துவிடுவது இன்னொரு ஆறுதல். ஆனாலும் ஒரே சூட்டுக்கு எல்லாப் பவளமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 1998 வெளுப்பில் லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேற்பட்ட பவளம் வெளுத்தபோது, கலங்கல் மிகுந்த கட்ச் வளைகுடாவில் பத்தில் ஒரு பங்கு அளவே வெளுத்தது. கலங்கல் வெயிலைத் தணித்து நிழல் தந்திருக்கலாம். ஏற்ற இறக்கங்களுக்குப் பழகிய பவளமாகவும் இருக்கலாம். எதுவானாலும் டிகிரி-வாரம் மட்டும் விதியை எழுதிவிடுவதில்லை. இதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் வலுக்கவே செய்கிறது. கோள் தருவது ஆபத்தின் அளவு. விளைவின் அளவைக் கடலுக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: முக்குளிப்போரும் மீனவரும் போதுமே, கோள் எதற்கு? எச்சரிக்கை கடலைக் குளிரச் செய்யுமா? செய்யாது. ஆனால் நாடாவை விரிக்கும் குழு ஒரு நாளில் சில இடங்களைத்தான் பார்க்கும். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகள், 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். வெளுப்பு தொடங்கி, பாசி படர்ந்து, தடயம் மறையும் காலமோ சில வாரங்கள். எந்தத் திட்டுக்கு எந்த வாரம் போக வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வேறு வழியில்லை. சூடேறிய வாரங்களில் மற்றத் தொல்லைகளையாவது குறைக்கலாம்: கரையோரத் தூர்வாரலைத் தள்ளிவைக்கலாம், இழுவலையைப் பாறைப் பக்கம் விடாமல் காக்கலாம், பவளத்தை மூடிப் படரும் அயல்நாட்டுப் பாசியான கப்பாபைகஸை அகற்றலாம். கலங்கலின் பாதையும் படங்களில் தெரியும். கடற்புல்லையும் பவளத்தையும் எந்த ஆண்டு வண்டல் எவ்வளவு நெருக்கியது என்று பின்னோக்கிப் பார்க்க அந்தப் படங்களைத் தவிர வேறு ஆவணம் கிடையாது.

நெல் விஷயத்தில் அரசு நடந்துகொள்ளும் முறை இங்கே ஒரு பாடம். செயற்கைக்கோள் மிகத் தெளிவாகப் பார்க்கிற பயிர் நெல். ஆனாலும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சலை முடிவுசெய்ய, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனை கைவிடப்படவில்லை. 2023இல்தான் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொலையுணர்வு முதலிய தொழில்நுட்பக் கணக்குக்கு 30 சதவீத இடம் தரப்பட்டது. கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் வயலுக்கே களத்தில் அறுத்துப் பார்த்த கணக்கு இவ்வளவு தேவைப்படும்போது, கலங்கிய நீருக்கடியில் கிடக்கும் பவளத்துக்கு விண்வெளிப் படம் மட்டும் போதும் என்று நினைப்பது அறிவியல் ஆகாது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் நிலையான இடங்களில் ஆண்டுதோறும், வெப்பக் கூட்டுத்தொகை 4ஐத் தொடுகிற ஆண்டில் தொடும் வாரத்திலும் சில மாதம் கழித்தும், நாடா விரித்து அளக்க ஆளும் படகும் பணமும் ஒதுக்க வேண்டும். பவளத்துக்கான அறுவடைப் பரிசோதனை அதுதான். அதற்குச் செலவாகிற தொகை ஒரு செயற்கைக்கோளின் விலையில் மிகச் சிறிய பங்கு. அந்தச் செலவைச் செய்யாத வரையில், வானத்திலிருந்து நாள்தோறும் வருகிற எச்சரிக்கை எண்களுக்குக் கடலில் என்ன பொருள் என்று நம்மால் சொல்ல முடியாது.